மேலே ஒரு அலகு, கீழே ஒரு அலகு: வீதத்தை மாற்ற எந்த வழி தோது?

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம். நொடிக்கு எத்தனை மீட்டர்? நாலு பேரிடம் கேட்டால் நாலு வழியில் வருவார்கள். ஒருவர் 3.6-ஆல் வகுப்பார். ஒருவர் பள்ளிக்கூடத்தில் படித்த 5/18-ஐ ஞாபகத்திலிருந்து எடுத்துப் பெருக்குவார். இன்னொருவர் தாளில் கோடு கிழித்து, மேலும் கீழும் அலகுகளை எழுதி, ஒவ்வொன்றாக அடிப்பார். நாலாமவர் செல்போனை எடுப்பார். நாலு பேருக்கும் விடை 25. கேள்வி இதோடு நின்றுவிட்டால், எந்த முறை உசத்தி என்ற பேச்சுக்கே இடமில்லை.

இப்போது கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடுவோம். ஒருவர் ஒரு மைலை 8 நிமிடத்தில் ஓடுகிறார். கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம்? மைல் என்றதும் பலருக்கு 1.609 ஞாபகம் வரும். பெருக்கினால் 12.87. மைலைவிடச் சின்ன தூரத்துக்கு மைலைவிட அதிக நேரம்! உட்கார்ந்து யோசித்தால் யாருக்கும் இது புரியும். அவசரத்தில் கணக்குப் போடுபவர் யோசிப்பதில்லை. சரியான விடை 4.97, அதாவது 4 நிமிடம் 58 நொடி. எண் என்னவோ அதே 1.609தான், பெருக்குவதற்குப் பதில் வகுத்திருக்க வேண்டும்.

வீதக் கணக்கில் தடுக்கி விழுகிறவர்களில் பெரும்பாலானோர் இந்த ஒரே இடத்தில்தான் விழுகிறார்கள். பெருக்கலும் வகுத்தலும் எல்லோருக்கும் வரும். எதை எப்போது என்பதில்தான் சிக்கல். அதனால் இங்கே முறைகளை வேகத்தை வைத்து எடை போடப்போவதில்லை. தப்புப் பண்ணினால் எந்த முறை உடனே காட்டிக்கொடுக்கும், எது கமுக்கமாக இருந்துவிடும் என்று பார்க்கலாம்.

கீழே இருக்கும் அலகின் குறும்பு

வெறும் அளவை மாற்றும்போது விதி எளிது. அலகு சின்னதானால் எண் பெரிதாகும். 2 மீட்டர், 200 சென்டிமீட்டர். வீதத்தில் இரண்டு அலகுகள் இருக்கின்றன. மேலே இருப்பது இந்த விதிக்குக் கட்டுப்படும். 'ஒரு மணிக்கு', 'ஒரு லிட்டருக்கு', 'ஒரு ஹெக்டேருக்கு' என்று கீழே நிற்கிறதே, அது நேர் எதிராக நடக்கும். ஹெக்டேருக்கு 50 கிலோ உரம் என்றால் ஏக்கருக்கு எவ்வளவு? ஒரு ஹெக்டேர் 2.471 ஏக்கர். நிலம் சின்னதாகிவிட்டதால் உரமும் குறையும்: 20.2 கிலோ. அதையே ஏக்கருக்கு இத்தனை பவுண்டு என்று கேட்டால், மேலே இருக்கும் கிலோவுக்காக 2.2046-ஆல் பெருக்கி, கீழே இருக்கும் ஹெக்டேருக்காக 2.471-ஆல் வகுக்க வேண்டும். 44.6 வரும். ஒன்று மேலே இழுக்க, மற்றது கீழே இழுக்க, விடை தொடங்கிய எண்ணுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. 'ரொம்ப மாறவில்லையே, சரியாகத்தான் இருக்கும்' என்று கண்ணால் மட்டும் பார்த்து ஒப்புக்கொள்ளக் கூடாத இடம் இது.

பரப்பும் கன அளவும் வந்தால் இன்னொரு பள்ளம். ஒரு மீட்டர் 3.28 அடி, ஒரு சதுர மீட்டர் 3.28 சதுர அடி அல்ல, 10.76. ஒரு லிட்டர் பெயின்ட் 10 சதுர மீட்டருக்கு வரும் என்றால் அது 107.6 சதுர அடி. 32.8 என்று நினைத்துக்கொண்டவர் தேவையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வாங்கிவருவார்.

மனப்பாட எண்

வேகத்தில் இதை அடிக்க ஒன்றும் இல்லை. கிமீ/மணியிலிருந்து மீட்டர்/நொடிக்கு 3.6-ஆல் வகு. கப்பல், விமான வேகத்தைச் சொல்லும் 'நாட்' (knot) அலகிலிருந்து கிமீ/மணிக்கு 1.852-ஆல் பெருக்கு. மெகாபிட்டிலிருந்து மெகாபைட்டுக்கு 8-ஆல் வகு. 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் இறங்காது என்பது இந்த ஒரு வகுத்தலிலேயே தெரிந்துவிடும். ஒரே மாற்றத்தைத் தினம் பத்துத் தடவை செய்பவர் வேறு முறையைத் தேடுவது வீண் வேலை.

ஆனால் மனப்பாட எண்ணுக்கு முகவரி கிடையாது. 3.6 என்றால் எதிலிருந்து எதற்கு, பெருக்கவா வகுக்கவா என்று அந்த எண்ணே சொல்வதில்லை. ஞாபகம்தான் சொல்ல வேண்டும். அது மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு 1983 ஜூலை 23-ஆம் தேதியை எடுத்துக்கொள்ளலாம்.

ஏர் கனடாவின் 143-ஆம் எண் விமானம், போயிங் 767 ரகம், மான்ட்ரியாலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குப் புறப்பட வேண்டும். எரிபொருள் அளவைக் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. டாங்கில் அளவுகோல் வைத்து அளந்தார்கள்: 7,682 லிட்டர். பயணத்துக்குத் தேவையோ எடையில் இருந்தது, 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக்க ஒரு வீதம் வேண்டும். லிட்டருக்கு எத்தனை கிலோ? கையில் இருந்த எண் 1.77. பெருக்கினால் 13,597. மீதி வேண்டியது 8,703. அதை மறுபடி 1.77-ஆல் வகுத்துச் சுமார் 4,900 லிட்டர் ஊற்றினார்கள்.

கணக்கில் ஒரு பிழையும் இல்லை. பெருக்கல் சரி, கழித்தல் சரி, வகுத்தல் சரி. ஆனால் 1.77 என்பது லிட்டருக்கு இத்தனை பவுண்டு. கிலோவில் அது 0.803. டாங்கில் உண்மையில் இருந்தது சுமார் 6,170 கிலோ. ஊற்றியிருக்க வேண்டியது சுமார் 20,000 லிட்டர். 41,000 அடி உயரத்தில் எரிபொருள் அழுத்தம் குறைவதாக எச்சரிக்கை ஒலித்தது. சற்று நேரத்தில் இரண்டு எஞ்சினும் நின்றுபோயின. விமானிகள் அந்தப் பெரிய விமானத்தை எஞ்சின் இல்லாமலே மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரில் இருந்த பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார்கள். யாரும் சாகவில்லை. 'கிம்லி கிளைடர்' என்ற பெயர் அந்த விமானத்துக்கு நிலைத்துவிட்டது.

இந்தக் கதையில் எனக்கு உறுத்துவது வேறொன்று. விமான எரிபொருள் மண்ணெண்ணெய் ரகம், தண்ணீரில் மிதக்கும். தண்ணீர் லிட்டருக்கு 1 கிலோ. மிதக்கிற ஒன்று அதைவிடக் கனமாக, லிட்டருக்கு 1.77 கிலோவாக இருக்க வழியே இல்லை. இதற்குக் கால்குலேட்டர் வேண்டாம், எந்தச் சூத்திரமும் வேண்டாம். எண்ணை அலகோடு சேர்த்து ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருந்தால் போதும். மனப்பாட எண்ணைப் பயன்படுத்துகிறவர் அப்படிச் சொல்லிப் பார்ப்பதில்லை; எண்ணை மட்டும் கையில் எடுத்துக்கொள்வார். வேகம் வருவதும் அதனால்தான், வினை வருவதும் அதனால்தான்.

விகித சமமும் ஓரலகு முறையும்

'இத்தனைக்கு இவ்வளவு என்றால், ஒன்றுக்கு எவ்வளவு?' என்று கேட்டு, ஒன்றைக் கண்டுபிடித்து, பிறகு வேண்டியதற்கு ஏற்றுவது ஓரலகு முறை. மூன்று எண் தெரிந்து நாலாவதைத் தேடும் விகித சமம் இதன் அண்ணன். திரைராசிகம் என்ற பெயரில் ஆர்யபடர் 499-லேயே இதற்கு விதி சொல்லிவிட்டார். வயது பார்த்தால் நம் பட்டியலில் இதுதான் மூத்தது.

ஒவ்வொரு படியையும் வாக்கியமாகச் சொல்ல முடிவது இதன் பலம். '8 நிமிடத்தில் 1.609 கிலோமீட்டர், அப்படியானால் 1 கிலோமீட்டருக்கு 8-ஐ 1.609-ஆல் வகுத்த நிமிடம்.' குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வாக்கியமாகச் சொல்லிக்கொண்டே போட்டால் 12.87 என்ற விடை வரவே வராது.

யாரும் வாக்கியமாகச் சொல்வதில்லை என்பதுதான் குறை. நாலு பெட்டி வரைந்து, மூன்றை நிரப்பி, கண்ணை மூடிக்கொண்டு குறுக்குப் பெருக்கல் போடுகிறோம். குறுக்குப் பெருக்கலுக்கு நேர் விகிதம், எதிர் விகிதம் தெரியாது. எதைக் கொடுத்தாலும் பெருக்கிவிடும். அந்தக் காலத்துக் கணித நூல்கள் எதிர் விகிதத்துக்கு வியஸ்த திரைராசிகம் என்று தனி விதியே வைத்திருந்தன. ஆபத்து எங்கே என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. போதாததற்கு, மேலும் கீழும் இரண்டு அலகும் மாறினால் முழுக் கணக்கையும் இரண்டு தடவை போட வேண்டும். நடுவில் கிடைக்கும் எண்ணை எல்லோரும் முழுமைப்படுத்திவிடுவார்கள், கடைசியில் விடை கொஞ்சம் நகர்ந்திருக்கும். ஒரே ஒரு அலகு மாறும் கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் எனக்கு இதில் நம்பிக்கையில்லை.

சங்கிலி

அலகுகளையும் எண்களைப் போலவே பாவித்து, பின்னங்களாக வரிசையாகக் கோத்து, மேலும் கீழும் ஒன்றாக இருப்பதை அடித்துவிடுவது. நான் கட்சி சேர்வது இதோடுதான், ஆகையால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு நோயாளிக்கு 1,000 மில்லிலிட்டர் திரவம் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும். ட்ரிப் செட்டின் உறையில் '20 சொட்டு = 1 மில்லி' என்று அச்சடித்திருக்கிறது. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு வைப்பது?

(1000 மில்லி / 8 மணி) × (20 சொட்டு / 1 மில்லி) × (1 மணி / 60 நிமிடம்)

முதல் பின்னத்தில் மில்லி மேலே, இரண்டாவதில் கீழே, இரண்டையும் அடி. மணி கீழே, மூன்றாவதில் மேலே, அடி. மிச்சம் நிற்பது சொட்டு மேலே, நிமிடம் கீழே. நமக்கு வேண்டியதும் அதுதான். இப்போதுதான் எண்களைத் தொட வேண்டும்: 20,000-ஐ 480-ஆல் வகுத்தால் 41.67. நிமிடத்துக்கு 42 சொட்டு.

மூன்றாவது பின்னத்தைத் தலைகீழாக, 60 நிமிடம் / 1 மணி என்று எழுதிவிட்டால்? மணி அடிபடாது. சொட்டு, நிமிடம் இரண்டும் மேலே, கீழே மணியின் வர்க்கம் என்று ஒரு விநோத அலகு மிஞ்சும். அப்படி ஒரு அலகை எவரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். எண் எதுவும் கணக்கிடுவதற்கு முன்பே தப்பு முகத்தில் அறைந்துவிடும். மனப்பாட எண்ணிலும் குறுக்குப் பெருக்கலிலும் கிடைக்காதது இந்த அறைதான்.

இன்னொரு லாபமும் உண்டு. 60 சொட்டு = 1 மில்லி என்ற மைக்ரோ செட்டில், மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு என்று செவிலியர்கள் மனத்தில் வைத்திருப்பார்கள். சங்கிலியில் எழுதிப் பாருங்கள்; மேலே ஒரு 60, கீழே ஒரு 60. குறுக்குவழி எங்கிருந்து வந்தது, எந்த செட்டுக்கு மட்டும் பொருந்தும் என்று இரண்டும் சேர்ந்தே தெரிகிறது.

குறை சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. எழுத நேரம் எடுக்கும் என்பது பெரிய விஷயமல்ல. பெயர் ஒன்றாக இருந்து அளவு வேறாக இருக்கும் அலகுகளிடம் சங்கிலி ஏமாந்துபோகும். இதை நானே பட்டிருக்கிறேன். ஒரு பம்பின் விவரத்தாளில் நிமிடத்துக்கு 200 காலன் என்று இருந்தது. லிட்டர்/நொடிக்கு மாற்ற அழகாகச் சங்கிலி கோத்தேன். காலனும் காலனும் அடிபட்டன, நிமிடமும் நிமிடமும் அடிபட்டன, 15.2 என்று வந்தது. நான் போட்டது பிரிட்டிஷ் காலன், 4.546 லிட்டர். பம்ப் பேசியது அமெரிக்கக் காலன், 3.785 லிட்டர். உண்மையான விடை 12.6. ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கணக்கிட்டுக்கொண்டு பல நாள் திருப்தியாக இருந்தேன். சங்கிலி அலகின் பெயரைத்தான் சரிபார்க்கும், ஆளைச் சரிபார்க்காது. அதிலிருந்து வெறும் 'காலன்' என்று எங்கும் எழுதுவதில்லை, 'அ.காலன்', 'பி.காலன்'.

கருவி

தேடுபெட்டியில் தட்டினால் விடை வரும். எக்செலில் இதற்கென்றே கன்வெர்ட் என்ற ஃபார்முலா இருக்கிறது. எண்களின் துல்லியத்தில் நம்மைவிட அவை கெட்டி. மைல் என்பது சரியாக 1.609344 கிலோமீட்டர், நாம் 1.6 என்று போட்டு 60 மைல் வேகத்தை 96 ஆக்குவோம், கருவி 96.56 என்று கொடுக்கும்.

கருவிக்குத் தெரியாதது, நீங்கள் கொடுப்பது அளவா வீதமா என்பது. வெப்பநிலையில் இது பளிச்சென்று தெரியும். கீழ் வளிமண்டலத்தில் ஒரு கிலோமீட்டர் மேலே போனால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. ஃபாரன்ஹீட்டில் எவ்வளவு? அலகு மாற்றியில் 6.5 செல்சியஸ் என்று கொடுத்தால் 43.7 என்று கூசாமல் சொல்லும். அது 6.5 டிகிரி என்ற வெப்பநிலைக்கான விடை. நமக்கு வேண்டியது 6.5 டிகிரி இறக்கம். இறக்கத்துக்கு அந்த 32-ஐக் கூட்டும் வேலையே இல்லை, 1.8-ஆல் பெருக்கினால் போதும், 11.7. ஆயிரம் அடிக்கு என்று கேட்டால் அதை 0.3048-ஆல் பெருக்க 3.57. இப்படிப்பட்ட வெப்பநிலை வீதம் என்றாலே வித்தியாசம். வித்தியாசத்தில் தொடக்கப்புள்ளி எங்கே இருக்கிறது என்பது காணாமல் போய்விடும். இதை எந்தப் பெட்டியும் உங்களிடம் கேட்டுக்கொண்டிருக்காது.

இரண்டு கருவிகள் ஒன்றோடொன்று பேசும்போது நிலைமை இன்னும் மோசம். 1999 செப்டம்பர் 23-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாய்க்குப் பக்கத்தில் போய்த் தொலைந்தது. தரையில் இருந்த ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு-நொடியில் எழுதியது; வாங்கிக்கொண்ட மென்பொருள் நியூட்டன்-நொடி என்று படித்தது. வித்தியாசம் 4.45 மடங்கு. கோப்பில் எண்கள் இருந்தன, அலகு கூடவே பயணிக்கவில்லை. கிம்லியில் மனிதர்கள் செய்ததையே இங்கே இயந்திரங்கள் செய்தன, அவ்வளவுதான்.

தலைகீழ் வீதங்கள்

எந்த முறையானாலும் திணறும் வகை ஒன்று உண்டு: மேலே இருப்பது கீழே போக வேண்டிய மாற்றம். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதை 100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் ஆக்குவது. இதற்கு மனப்பாட எண்ணால் பெருக்கவும் முடியாது, வகுக்கவும் முடியாது. 100-ஐ மைலேஜால் வகுக்க வேண்டும். 15 கிமீ தரும் வண்டி 100 கிமீக்கு 6.67 லிட்டர் குடிக்கும். அமெரிக்கக் காலனுக்கு இத்தனை மைல் என்றால் 235.2-ஐ அதனால் வகுக்க வேண்டும். பிரிட்டிஷ் காலன் என்றால் 282.5-ஐ. ஓட்டக்காரர்களின் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் என்பது மணிக்கு 12 கிலோமீட்டர் ஆவதும் இப்படித்தான், 60-ஐ 5-ஆல் வகுத்து.

இங்கே முறையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், எந்தப் பக்கமாக நிறுத்திப் பார்ப்பது என்பதையே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. பழைய வண்டியை மாற்ற நினைக்கும் இருவர். ஒருவருடையது 10 கிமீ தருகிறது; 12 தரும் வண்டிக்கு மாறுகிறார். இன்னொருவருடையது 20 கிமீ. 30 தரும் வண்டிக்கு மாறுகிறார். இருவரும் ஒரே தூரம் ஓட்டுகிறார்கள். யாருக்கு அதிக எரிபொருள் மிச்சம்? பத்து கூடியதா, இரண்டு கூடியதா என்று பார்த்தால் இரண்டாமவருக்குத்தான் என்று தோன்றும். புரட்டிப் போடுங்கள். முதலாமவர் 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டரிலிருந்து 8.33-க்கு வருகிறார். இரண்டாமவர் 5-லிருந்து 3.33-க்கு. இருவருக்கும் மிச்சம் அதே 1.67 லிட்டர், ஒரு துளி வித்தியாசமில்லை. டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக்கும் ஜாக் சோலும் 2008-இல் சயின்ஸ் இதழில் இந்த மயக்கத்தைப் பற்றித்தான் எழுதினார்கள். செலவை ஒப்பிட வேண்டுமானால் செலவாகிற பொருள் மேலே இருக்கட்டும். ஒரு டாங்கில் எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்டால் தூரம் மேலே இருக்கட்டும்.

யாருக்கு எது

தினம் ஒரே மாற்றம் செய்பவருக்கு மனப்பாட எண்ணே போதும், அதை அலகோடு எழுதி எதிரில் ஒட்டிவைத்துக்கொண்டால். '3.6' என்று ஒட்டாமல் 'கிமீ/மணி ÷ 3.6 = மீ/நொடி' என்று முழுசாக. பாடம் நடத்துபவர் ஓரலகு முறையில் தொடங்கலாம். பிள்ளைகள் குறுக்குப் பெருக்கலுக்குத் தாவும் அன்றே சங்கிலியைக் காட்டிவிடுவது நல்லது. புது அலகு, இரண்டு பக்கமும் மாறுகிறது, விடை தப்பினால் நஷ்டம் என்ற மூன்றில் ஒன்று இருந்தாலும் சங்கிலியைத் தவிர வேறெதையும் நான் தொடுவதில்லை. கருவியை இரண்டாவதாக, போட்ட கணக்கைச் சரிபார்க்க மட்டும் எடுக்கிறேன்.

எக்செலில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு சின்னச் சமாச்சாரம். மாற்று எண்ணை ஃபார்முலாவுக்குள் புதைக்காதீர்கள். அதற்கென ஒரு கட்டம், பக்கத்துக் கட்டத்தில் அதன் அலகு, அதற்கும் அடுத்த கட்டத்தில் விடை தெரிந்த ஒரு கேள்வி. என் கோப்பில் அந்த மூன்றாவது கட்டத்தில் 90 கிமீ/மணி இருக்கிறது. கோப்பைத் திறந்ததும் முதலில் அங்கே 25 நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற வரிசைகளுக்குப் போகிறேன்.